சிரிக்க வைத்து விற்கிறார்கள்



உங்கள் பிள்ளைக்கு எத்தனை விளம்பரங்கள் மனப்பாடம் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் நாலு வரியை ஒப்புவிக்கத் திணறும் பிள்ளை, ஒரு சிப்ஸ் விளம்பரத்தின் சொல்லையும் மெட்டையும், அதில் வரும் நடிகரின் முழிப்பையும் கூட அப்படியே நடித்துக் காட்டும். நாமும் சிரிப்போம். "என்ன ஞாபகசக்தி இந்தப் பிள்ளைக்கு!" என்று அதன் வாப்பாவிடம் சொல்லி மகிழ்வோம். அந்த முப்பது விநாடிக் காட்சியைப் பிள்ளையின் மனதில் பதிய வைக்க எத்தனை பேர், எத்தனை நாட்கள் பாடுபட்டிருப்பார்கள் என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை.

விளம்பரம் என்றாலே பொய் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் நொறுக்குத் தீனி விளம்பரங்களை உற்றுக் கவனித்தால் ஒரு விடயம் புலப்படும். அவற்றில் பல பொய்யே சொல்வதில்லை. "இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது" என்றோ, "மூளை வளரும்" என்றோ அவை வாதாடுவதில்லை. நமக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கொண்டு வந்து, ஒரு பகிடி விட்டு, நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. பொய்யென்றால் மறுத்துப் பேசலாம். சிரித்து முடித்த ஒன்றை எப்படி மறுத்துப் பேசுவது?

அந்தச் சிரிப்பு எப்படித் தயாராகிறது, கமரா அதில் என்ன வேலை செய்கிறது, கடைசியில் அது பிள்ளையின் வயிறு வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இம்மாதம் பார்ப்போம். இதற்கு உதாரணமாக இங்கிலாந்தின் ஒரு சிப்ஸ் கம்பனியை எடுத்துக் கொள்கிறேன். காரணம், அந்த நாட்டில் இந்த விளம்பரங்களைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது, சட்டமும் வந்திருக்கிறது.

நல்லவர் ஏன் பறித்தார்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர் என்றொரு நகரம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அங்கே இறைச்சிக்குப் பங்கீடு இருந்தது. கடையில் இறைச்சி சீக்கிரம் தீர்ந்துவிடும். வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்நகரத்தின் இறைச்சி வியாபாரியான ஹென்றி வோக்கர் என்பவருடைய நிறுவனம், இந்த நெருக்கடியைச் சமாளிக்க 1948ஆம் ஆண்டு உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து விற்கத் தொடங்கியது. அதுவே பின்னர் வோக்கர்ஸ் என்ற பெரும் வர்த்தகப் பெயராகியது. 1989இல் அமெரிக்காவின் பெப்சிகோ அதை வாங்கியது. இந்தியாவில் லேஸ் என்ற பெயரிலும் குர்குரே என்ற பெயரிலும் விற்பனை செய்வதும் இதே பெப்சிகோதான்.

அதே லெஸ்டர் நகரத்தில் 1960இல் பிறந்தவர் கெரி லினேக்கர். சந்தையில் பழமும் மரக்கறியும் விற்றவரின் மகன். உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்து அணிக்கு விளையாடி, 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 6 கோல்கள் போட்டு, எல்லோரையும் விட அதிக கோல் போட்டவரானார். அவருக்கு இன்னுமொரு பெயர் இருந்தது. தனது விளையாட்டு வாழ்க்கை முழுவதிலும் ஒரு மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ அவர் பெற்றதில்லை. எவரையும் முறைகேடாக இடித்து விழுத்தாத, நடுவரோடு சண்டைக்குப் போகாத ஆட்டக்காரர். "தங்கமான பிள்ளை" என்று நாம் சொல்வோமே, அப்படி.

1994இல் ஜப்பானில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். மறு வருடமே, அதாவது 1995இல், வோக்கர்ஸ் விளம்பரம் வந்தது. லினேக்கர் தனது சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறார். ஊரே அவரை அன்போடு வரவேற்கிறது. பூங்காவில் ஒரு சிறுவன் சிப்ஸ் பக்கற்றோடு உட்கார்ந்திருக்கிறான். லினேக்கர் அவன் பக்கத்தில் அமர்கிறார். அடுத்த கணம் அந்தச் சிறுவனின் பக்கற்றைப் பறித்துக்கொண்டு போகிறார்!

நாடே சிரித்தது. ஏன் சிரித்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம். இதே வேலையை முகம் தெரியாத ஓர் ஆள் செய்திருந்தால் பார்ப்பவர்களுக்குக் கோபம்தான் வந்திருக்கும். ஒரு மஞ்சள் அட்டை கூட வாங்காத மனிதர் பச்சைப் பிள்ளையிடம் பறிக்கிறார் என்பதில்தான் பகிடி இருக்கிறது. ஆக, அந்தப் பகிடிக்கு வேண்டிய முதலை விளம்பரக் கம்பனி போடவில்லை. பல வருடங்களாக அவர் மைதானத்தில் நேர்மையாக ஆடிச் சேர்த்த நல்ல பெயரே முதல். அதைக் கம்பனி விலைக்கு வாங்கியது.

இன்னொன்றும் இருக்கிறது. பகிடி விளங்க வேண்டுமானால் பார்ப்பவர் முன்கதையைத் தன் மனதுக்குள் தானே நினைத்துக்கொள்ள வேண்டும். "இவர் எவ்வளவு நல்லவர்! இவரே பறிக்கிறார் என்றால் அந்த சிப்ஸ் எவ்வளவு ருசியாக இருக்க வேண்டும்!" இந்த வசனத்தை விளம்பரத்தில் எவரும் சொல்லவில்லை. பார்ப்பவரே சொல்லிக்கொள்கிறார். பிறர் சொன்னதைச் சந்தேகிக்கும் நாம், நாமே எட்டிய முடிவைச் சந்தேகிப்பது அபூர்வம்.

பின்னர் போல் காஸ்கோயின் என்ற ஆட்டக்காரரும் அதே விளம்பரத் தொடரில் வந்தார். 1990 உலகக் கிண்ண அரையிறுதியில் மஞ்சள் அட்டை கிடைத்ததும் அவர் மைதானத்திலேயே கண் கலங்கியதை உலகமே பார்த்திருந்தது. அன்று அருகில் நின்று, "இவரைக் கவனியுங்கள்" என்று பயிற்சியாளருக்குச் சைகை காட்டியவர் லினேக்கர். அந்தப் பழைய கண்ணீர் சிப்ஸ் விளம்பரத்தில் பகிடியாக்கப்பட்டது. ஒரு காலத்தில் "சோல்ட் அன்ட் வினிகர்" சுவையுள்ள பக்கற்றின் பெயரையே "சோல்ட் அன்ட் லினேக்கர்" என்று மாற்றி விற்றார்கள். உப்பும் புளியும் இருந்த இடத்தில் ஒரு மனிதனின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது.

நம் வீடுகளில் பார்க்கப்படும் இந்தியத் தொலைக்காட்சிகளிலும் இதே வழிதான். ஜூஹி சாவ்லா குர்குரே விளம்பரங்களில் செய்த கோணங்கிச் சேட்டைகள் பலருக்கும் நினைவிருக்கும். அழகான நடிகை தன்னைத் தானே கேலிக்குரியவராக்கிக் கொள்ளும்போது, "இவளும் நம்மைப் போல ஒருத்திதான்" என்ற நெருக்கம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது. அந்த நெருக்கம் பக்கற்றுக்கும் ஒட்டிக்கொள்கிறது.

கமரா செய்யும் வேலை

இனி கமராவுக்கு வருவோம். சிப்ஸ் என்பது உண்மையில் பார்வைக்கு ஒன்றுமில்லாத பண்டம். மங்கிய மஞ்சள் நிறம், எண்ணெய்ப் பிசுக்கு, பக்கற்றின் அடியில் பாதி தூள். இதைத் திரையில் ஆசையூட்டும் பொருளாக்குவது எளிதான வேலையல்ல.

முதலாவது, தெரிவு. உணவுப் பண்டங்களைப் படமெடுப்பதற்கென்றே அலங்காரக் கலைஞர்கள் இருக்கிறார்கள். பக்கற் பக்கற்றாக உடைத்துக் கொட்டி, உடையாத, கருகாத, அழகாக வளைந்த ஒன்றைத் தேடி எடுப்பது அவர்கள் தொழில். நாம் திரையில் காண்பது அப்படிப் பொறுக்கி எடுத்த ஒன்று.

இரண்டாவது, நெருக்கம். கமராவை மிகக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிப்பார்கள். கையளவு சிப்ஸ் தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிறைத்து நிற்கும். மேலே தூவிய உப்பும் மிளகாய்த் தூளும் தனித்தனியாகத் தெரியும். பின்பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சினால் அந்தச் சீவல் பொன் தகடு போல மின்னும்.

மூன்றாவது, மெதுவாக ஓடும் காட்சி. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. ஒரு விநாடிக்கு 100 படங்கள் என்ற வேகத்தில் பிடித்து, அதை 25 வீதம் ஓட விட்டால், ஒரு விநாடியில் நடந்தது நான்கு விநாடிக்கு நீளும். சிப்ஸ் காற்றில் மிதந்து விழுவதும், இரண்டாக உடைந்து துகள் பறப்பதும் இப்படித்தான். நாம் வீட்டில் சாப்பிடும்போது ஒருபோதும் காண முடியாத காட்சி அது.

நான்காவது, வெட்டி ஒட்டுதல். பகிடிக்கு உயிர் கொடுப்பது இதுதான். முதலில் பக்கற்றைக் காட்டுவார்கள். உடனே நடிகரின் கண்ணைக் காட்டுவார்கள். பிறகு பறிகொடுத்தவரின் முகம். இந்த மூன்றையும் எந்தக் கணத்தில் வெட்டி எந்தக் கணத்தில் சேர்ப்பது என்பதில்தான் சிரிப்பு தங்கியிருக்கிறது. அரை விநாடி பிந்தினாலும் பகிடி செத்துவிடும். பொதுவாகச் சிரிப்பு எழும்பும் அந்த இடத்திலேயே பக்கற்றைத் திரையின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளையின் மனம் மலர்ந்திருக்கும் நேரம் பார்த்து விதைக்கிறார்கள்.

ஐந்தாவது, சத்தம். இதைக் கண்ணால் காண முடியாததால் நாம் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். 2004ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சம்பினியும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிலரை ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்து, பிரிங்கில்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். தாம் கடிக்கும் சத்தத்தை அவர்கள் ஹெட்போன் வழியாகக் கேட்டார்கள். அந்தச் சத்தத்தை ஆராய்ச்சியாளர்கள் கூட்டியும் குறைத்தும் அனுப்பினார்கள். சத்தம் கூடியபோது, "இது மொறுமொறுப்பாக இருக்கிறது, புதிதாக இருக்கிறது" என்றார்கள். குறைந்தபோது, "இது நமத்துப் போயிருக்கிறது" என்றார்கள். கடித்தது என்னவோ ஒரே அச்சில் வார்த்த சிப்ஸ்தான்! 2008இல் இந்த ஆராய்ச்சிக்கு, சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. விளம்பரத்தில் அந்தக் "கறுக்" என்ற சத்தம் ஏன் அவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்பது இப்போது விளங்கும்.

இரண்டு கிண்ணங்கள்

"சரி, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அதனால் என்ன வந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பதில் தேடினார்கள். எம்மா பொய்லண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 8 வயது முதல் 11 வயது வரையான 181 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது.

பிள்ளைகள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு லினேக்கர் வரும் வோக்கர்ஸ் விளம்பரம் காட்டப்பட்டது. இரண்டாவது பிரிவுக்கு வேறொரு தின்பண்டத்தின் விளம்பரம். மூன்றாவது பிரிவுக்கு விளையாட்டுப் பொம்மை விளம்பரம். நான்காவது பிரிவுக்கு விளம்பரமே இல்லை. அவர்களுக்கு பி.பி.சி. உதைபந்தாட்ட நிகழ்ச்சியின் ஒரு பகுதியைக் காட்டினார்கள். அந்நிகழ்ச்சியை 1999 முதல் 2025 வரை நடத்தியவர் வேறு யாருமல்லர், லினேக்கரேதான்.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கிண்ணங்களில் சிப்ஸ் வைக்கப்பட்டது. ஒன்றில் வோக்கர்ஸ் என்று எழுதியிருந்தது. மற்றதில் சாதாரண சுப்பர் மார்க்கட் சிப்ஸ் என்று எழுதியிருந்தது. விரும்பிய அளவு சாப்பிடலாம். உண்மையில் இரண்டு கிண்ணங்களிலும் இருந்தது ஒரே வோக்கர்ஸ் சிப்ஸ்!

முதலாம் பிரிவுப் பிள்ளைகள் வோக்கர்ஸ் என்று எழுதிய கிண்ணத்திலிருந்து, பொம்மை விளம்பரமும் வேறு தின்பண்ட விளம்பரமும் பார்த்த பிள்ளைகளை விட அதிகமாகச் சாப்பிட்டார்கள். இது நாம் எதிர்பார்த்ததே. ஆனால் நான்காம் பிரிவுப் பிள்ளைகளும் அப்படியே அதிகமாகச் சாப்பிட்டார்கள். சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அவர்கள் பார்த்ததில் சிப்ஸ் இல்லை, பக்கற் இல்லை, பகிடியும் இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து விளையாட்டைப் பற்றிக் கதைத்தார். அவ்வளவுதான். அந்த முகத்தைக் கண்டதே போதுமாயிருந்தது.

"விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்" என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆயினும் பல வருடங்களாகச் சிரிப்போடு சிரிப்பாக முகமும் பண்டமும் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டால், விளம்பரம் ஓடாத நேரத்திலும் அந்த முகம் விற்றுக்கொண்டே இருக்கும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. பிள்ளை விரும்பும் கிரிக்கட் வீரருக்கும் நடிகருக்கும் கூட இது பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

அந்த நாட்டில் சும்மா இருக்கவில்லை. 2006இல் பிரிட்டிஷ் இருதய நிதியம் ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. ஒரு சிறுமி போத்தலைத் தூக்கிச் சமையல் எண்ணெயைக் குடிக்கிறாள். நாளுக்கு ஒரு பக்கற் சிப்ஸ் சாப்பிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் எண்ணெய் உள்ளே போகிறது என்பது அதன் செய்தி. நம் குசினியில் இருக்கும் எண்ணெய்ப் போத்தல்களை ஐந்தாக அடுக்கி மனக்கண்ணில் பாருங்கள். விளம்பரக்காரர் பயன்படுத்தும் அதே கமராவால் இப்படியும் ஒரு படம் எடுக்க முடியும்.

2007 முதல், கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களின் விளம்பரங்களைப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளிலிருந்து அங்கே படிப்படியாக விலக்கினார்கள். 2026 ஜனவரியிலிருந்து அத்தகைய பண்டங்களைக் காட்டும் விளம்பரங்களை இரவு 9 மணிக்கு முன்னர் தொலைக்காட்சியில் போட முடியாது. பணம் கொடுத்து இணையத்தில் எந்நேரமும் போட முடியாது. ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பண்டத்தை அடையாளம் தெரியும்படி காட்டாமல், கம்பனியின் பெயரை மட்டும் காட்டினால் தடையில்லை. லிவர்பூல் ஆய்வில் நான்காம் பிரிவுப் பிள்ளைகள் சிப்ஸைக் காணாமலே அதிகமாகச் சாப்பிட்டதை நினைவில் வைத்தால், அந்த வாசல் எவ்வளவு அகலமானது என்பது தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நான் தொலைக்காட்சியை உடைத்துப் போடச் சொல்லவில்லை. பிள்ளை சிரிப்பதையும் தடுக்கச் சொல்லவில்லை. நல்ல பகிடிக்குச் சிரிப்பது குற்றமுமல்ல. தடுக்கப் போனால் பக்கற்றின் ருசி இரண்டு மடங்காகும் என்பது தாய்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளையோடு உட்கார்ந்து விளம்பரத்தைப் பாருங்கள். சிரித்து முடிந்ததும் கேளுங்கள்: "இதில் யார் வந்தார்? அவரை நமக்கு முன்பே எப்படித் தெரியும்? எந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வந்தது? அந்த நேரம் திரையில் என்ன இருந்தது? சிப்ஸில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னார்களா?" வகுப்பில் இப்படிக் கேட்கும்போது பிள்ளைகள் காட்டும் உற்சாகத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். செப்படி வித்தைக்காரரின் சூட்சுமத்தைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷம் தனி. "மெதுவாக ஓட்டுகிறான்! கிட்ட வந்துட்டான்!" என்று அவர்களே கமராவைக் காட்டிக் கொடுக்கத் தொடங்குவார்கள்.

கடைக்குப் போகும்போது பக்கற்றின் முன்பக்கத்து முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்காக இடப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களைக் காட்டிக் கொடுங்கள். இலங்கையில் 2016இல் இனிப்புப் பானங்களுக்குத் தொடங்கிய இந்த நிறக் குறியீடு, 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மூலம் ஏனைய உணவுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். "எத்தனை சிவப்பு இருக்கிறது, எண்ணிச் சொல்" என்றால் அது ஒரு விளையாட்டாகிவிடும்.

இன்னுமொன்று. அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பக்கற் சிப்ஸ் வரும்போது, பிள்ளை காணாமல் அதை இரண்டு கோப்பைகளில் சமமாகக் கொட்டுங்கள். ஒரு கோப்பைக்குப் பக்கத்தில் அந்தப் பக்கற்றை வையுங்கள். மற்றதன் பக்கத்தில் ஒன்றும் வைக்க வேண்டாம். "எது ருசி?" என்று கேளுங்கள். பிள்ளை எதைக் காட்டினாலும் ஏசாமல், இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிக் கொடுங்கள். முதலில் நம்ப மறுக்கும். மறுபடியும் இரண்டையும் எடுத்துக் கடித்துப் பார்க்கும். அப்படிக் கடித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காவது, ருசி என்ன என்பதைப் பிள்ளையின் நாக்கே தீர்மானிக்கட்டும்.